இருபத்தொரு நாள் வெறும் தண்ணீர்

இன்று காலை மூன்றாம் பீரியடில் அந்த வாசனை வகுப்புக்குள் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போலீஸ் மைதானம். எங்கெங்கோ பிடித்த கஞ்சா மூட்டைகளை, கோர்ட்டு உத்தரவு வந்ததும் அங்கே குழி தோண்டிப் போட்டு எரிப்பார்கள். பச்சை வாடையும் ஈரச் சாக்கைக் கொளுத்தியது போன்ற புளிப்பும் கலந்து காற்றோடு வந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "இன்னா மிஸ் இது, டயரு எரியுதா?" என்று ஒருத்தி கேட்டாள். அது என்னவென்று அவர்களுடைய சயின்ஸ் டீச்சருக்குத் தெரியும் என்பதும், அதைத் தொட்டித் தொட்டியாக வளர்த்த இடத்தில் அவள் வேலை பார்த்தவள் என்பதும் சித்தூரில் யாருக்கும் தெரியாது. "ஜன்னலைச் சாத்துங்க" என்றேன். சாத்திய பிறகும் வாசனை போகவில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு நோட்டில் ஏதோ எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. உன்னிடம் பேச எனக்கு உரிமை இல்லை. அதை நீயே உன் வாயால் சொன்னாய். நீ இருந்தவரை அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்தேன். இப்போது நீ தடுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான், தெரிகிறது.

திருப்பதியிலிருந்து சந்திரகிரி போகிற சாலையில், பாறைமேல் கட்டியிருந்த அந்த மருந்துக் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி. லேகியமும் சூரணமும் செய்கிற சின்ன இடம். அங்கே பி.எஸ்ஸி. படித்தவள் நான் ஒருத்திதான். ஒரு மேஜை, ஒரு தராசு, பத்து கண்ணாடிக் குடுவைகள், கதவில் 'கெமிஸ்ட்' என்று ஒரு பலகை. அந்தப் பலகையை நான் தினமும் துடைத்தேன். நீ நகரியிலிருந்து வந்தவள். மாமா வீட்டுச் சாயப்பட்டறையில் ஆறு வருடம் நூல் அலசியவள். "உப்பு எடை போட்டு, தண்ணியில கரைக்கத் தெரியுமா?" என்று மேனேஜர் கேட்டபோது, உள்ளங்கையை விரித்துக் காட்டி, "சாயம் கரைச்ச கை சார் இது" என்றாய். நகக்கண்ணில் நீலம் அப்போதும் இருந்தது.

உனக்குக் கொடுத்த வேலை பின்பக்கத்துத் தோட்டம். வயிற்றுக்கடுப்புக்கும் தூக்கமின்மைக்கும் கம்பெனி செய்த ஒரு லேகியத்துக்குக் கஞ்சாப் பூ வேண்டும். அந்தக் காலத்தில் எக்சைஸ் பர்மிட் வாங்கி, மருந்துக்கென்று வளர்க்க முடிந்தது. ஆனால் ஆளுயரத்துக்கு மேல் மதில் வேண்டும், ஒரே வாசல் வேண்டும், ஒவ்வொரு செடிக்கும் நம்பர் எழுதிய தகரத்துண்டு கட்ட வேண்டும், காய்ந்த பூவின் எடையை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். மதில் கட்ட இடம் இருந்தது. உள்ளே மண் இல்லை, வெறும் பாறை. முதலாளி எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, ஜல்லியைக் கொட்டி, அதில் செடியை நடச் சொன்னார். மண்ணில் நட்ட செடிக்கு மண் கொஞ்சம் சேர்த்துவைத்துக் கொடுக்கும். ஜல்லியில் நட்ட செடிக்கு நாம் ஊற்றுவதுதான் சோறு. நான் அளவு எழுதிக் கொடுத்த சீட்டுப்படி நீ பீப்பாயில் உர உப்புகளைக் கரைத்து ஒரு நாளைக்கு மூன்று வேளை ஊற்றுவாய். அடியில் உள்ள குழாய் வழியாக வடிகிற தண்ணீரை வாளியில் பிடித்து மறுபடி ஊற்றுவாய். பூ விதை பிடித்துக் கெடாமல் இருக்க, ஆண் செடி தலைகாட்டினால் நான் பார்ப்பதற்கு முன்பே நீ பிடுங்கியிருப்பாய்.

திருச்சானூரில் ஒரே அறையில் நாம் இருந்தோம். முன்பக்கம் லாட்ஜ், பின்பக்கம் நம் மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்கு நாலு அறைகள். வெள்ளிக்கிழமை நீ அம்மவாரு கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வாங்கி வருவாய். முதல் வாரம் இலையை என் பக்கம் தள்ளிவிட்டு யோசித்தாய். "துன்னுவியா? உங்க சாமி கோச்சுக்கினு போயிடுமா?" என்று கேட்டாய். நான் தின்றேன். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வரும்போது நீ என் புடவைகளையும் சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டிருப்பாய். உனக்குப் புத்தூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். ஒரு தறிக்காரர் வீட்டுப் பையன். ஒரு முறை கம்பெனி வாசலுக்கு வந்து நின்று, பேசத் தெரியாமல் இரண்டு சாத்துக்குடியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். "எனக்கு வாங்கினு வந்தத உன் கையில குடுத்துட்டுப் போறான் பாரு" என்று சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. ரூத் என்ற என் பெயரை ரூத்து என்று நீட்டிக் கூப்பிட்டவள் நீ மட்டும்தான்.

இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு என் மேல்தான் அருவருப்பு வருகிறது. மறந்துவிட்டேன் என்று சொல்லவும் வழி இல்லை.

இரண்டாவது வருடம், மழைக்காலம் முடிகிற நேரத்தில், வேலூர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவர் இரண்டு டின் லேகியத்தைத் திருப்பி அனுப்பினார். தொண்டை எரிகிறதாம். நம்மிடமிருந்து போன பூவில் ஒரு சிட்டிகையைத் தணலில் போட்டுப் பார்த்தாராம். பொரிந்து, கறுப்புச் சாம்பல் விழுந்ததாம். 'செடிக்கு உப்புப் போட்டு வளர்க்கிறீர்கள், அந்த உப்பு அப்படியே நிற்கிறது' என்று எழுதியிருந்தார். முதலாளி கடிதத்தை என் மேஜைமேல் வைத்து, "சதுவுகுன்னவாள்ளு மீரே கதா, சூடண்டி" என்றார். படித்தவள் நான்தானே, நானே பார்க்க வேண்டும்.

பழைய விவசாயப் பத்திரிகை ஒன்றில் நான் படித்திருந்தேன். உப்புநீரில் வளர்கிற செடிகளுக்கு அறுப்புக்கு முன் சில நாள் வெறும் தண்ணீர் விட்டு வேரைக் கழுவுவது நல்லது என்று ஒரு வரி. எத்தனை நாள் என்று அதில் இல்லை. மூன்று வாரம் என்று தீர்மானித்தவள் நான். அதிகம் கழுவினால் அதிகம் சுத்தமாகும் என்று நினைத்தேன். என் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

நீ தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கேட்டாய்.

"மூணு வாரமா? இன்னாடி பேசற? பூ இன்னும் கெட்டிப்படவே இல்ல. அதுங்க துன்ற நேரமே இதான். சோத்துல கை வெச்சிக்கினு இருக்கறவங்க முன்னால இருந்து இலைய இழுக்கற மாதிரி கீது."

"உப்பு போகணும் இல்ல?"

"ஒரு வாரம் போதும். அதுவே ஜாஸ்தி."

மறுநாள் நீ என்னைக் கேட்காமல் ஒரே ஒரு தொட்டிக்கு மட்டும் மூன்று நாள் வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தாய். மூன்று நாளும் வடிகிற தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாய். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு என் விரலையும் பிடித்து நனைத்தாய். கிணற்றுத் தண்ணீர் போலத்தான் இருந்தது.

"பார்த்தியா? ஜல்லியில இருக்கற உப்பு மூணே நாள்ல போயிடுச்சி. நூலு அலசறப்பவும் இதான். தண்ணி தெளிஞ்சா நிறுத்திடுவோம். அதுக்கு மேல அலசினா சாயம்தான் போவும். செடிக்குள்ள போனது செடியோட ஒடம்பு. அத நீ வெளிய இருந்து கழுவ முடியாது ரூத்து."

"அப்ப தொண்டை ஏன் எரியுது?"

"தகரக் கூரை மேல போட்டு ரெண்டே நாள்ல காய வெக்கிறாங்களே, அத யாரும் கேக்க மாட்டீங்களா? நெழல்ல வெச்சி மெதுவா காய வெக்கச் சொல்லு."

நீ சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதை நான் அப்போதே உணர்ந்தேன் என்பதுதான் விஷயம். உணர்ந்ததால்தான் கோபம் வந்தது. "நீ எந்த காலேஜ்ல படிச்ச?" என்று கேட்டேன்.

தண்ணீர் எடுக்க வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். நீ விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாய். அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் முன்சீட்டில் போய் உட்கார்ந்தாய். ராத்திரிச் சமையல் உன்னுடைய முறை, செய்துவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். மறுநாள் சரியாகிவிட்டது. உனக்கு மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று நான் சௌகரியமாக நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு நான் சித்தூருக்குப் போக வேண்டியிருந்தது. போகும்முன் ஒரு தாளில் '21 நாள், வெறும் தண்ணீர் மட்டும், உப்புப் போடக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி, உப்பு கரைக்கிற பீப்பாய்மேல் பசை தடவி ஒட்டினேன். கீழே ஆர்.எஸ். என்று கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடுவது அப்போது எனக்குப் பிடித்த காரியமாக இருந்தது. தோட்டத்துச் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

புது வருடத்துக்குப் பிறகு வந்து பார்த்தபோது செடிகள் அடியிலிருந்து மஞ்சளாகி மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஜல்லிமேல் இலைகள் கொட்டிக் கிடந்தன. பூக்கள் இருந்தன, ஆனால் உள்ளீடு இல்லாமல் பஞ்சு போல. நீ எனக்கு முன்னால் நடந்து ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினாய். ஒரு வார்த்தைகூட 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை.

"ரூத்து, ஒரே ஒரு வேள உப்புத்தண்ணி விடறேன். இன்னும் ஒரு வாரம் கீது. கொஞ்சமாவது தேறிக்கும். யாருக்கும் தெரியாது."

"வேணாம். ரிசல்ட் கெட்டுப்போயிடும்."

"இன்னா ரிசல்டு? எல்லாம் பட்டினி கெடக்குது."

"வேணாம்னா வேணாம்."

நீ செய்யவில்லை. என்னைவிட உனக்கு அந்தச் செடிகள்மேல் பாசம் அதிகம். ஆனால் உன் கையில் இருந்தது என் சீட்டு.

சங்கராந்தி முடிந்து அறுத்தோம். காயவைத்து நிறுத்தபோது எடை போன முறையைவிடக் கால்வாசி குறைந்தது. இரண்டு தராசில் நிறுத்தோம். மேனேஜர் முதலாளியிடம் ஓடினார். பர்மிட்டில் அறுத்த பூ கிராம் கணக்கில் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். குறைந்தால் குறைந்தது எங்கே போயிற்று என்று எக்சைஸ்காரர்கள் கேட்பார்கள். இன்ஸ்பெக்டர் மறுநாளே வருகிறார் என்று தகவல் வந்தது.

முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. இதை உனக்குச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பழியையும் அவர்மேல் போட இத்தனை வருடம் எனக்கு ஆசையாக இருந்தது. அவர் தெலுங்கில் ஒன்றே ஒன்று சொன்னார். கம்பெனியின் தப்பு என்றால் பர்மிட் போய்விடும், நாற்பது பேருக்கு வேலை போய்விடும். வேலைக்காரி ஒருத்தியின் தப்பு என்றால் அவள் மட்டும் போவாள். சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வெளியே வந்தேன். தோட்டத்தில் அப்போது யாரும் இல்லை. நீ சாப்பிடப் போயிருந்தாய். பீப்பாய்மேல் இருந்த என் தாளை நகத்தால் கிள்ளி உரித்து, நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அடுப்பில் போட்டேன். அதே அடுப்பில் நீ டீ போட்டாய். நாம் குடித்தோம்.

இன்ஸ்பெக்டர் முதலில் செடியின் அடிக்கட்டைகளை எண்ணினார். நம்பர் எல்லாம் சரியாக இருந்தது. செடி இருக்கிறது, எடை இல்லை. ஆகவே யாரோ பூவை மட்டும் கிள்ளியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். கிறிஸ்துமஸ் வாரம் சாவி யாரிடம் இருந்தது? உன்னிடம். நீ எங்கே குடியிருக்கிறாய்? திருச்சானூரில், லாட்ஜுக்குப் பின்னால், வருகிறவர் போகிறவரிடம் விற்கத் தோதான இடத்தில். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. கேட்கும்போதே குரல் மாறிவிட்டது.

நீ பயப்படவில்லை. உண்மை உன் பக்கம் இருக்கிறது, நானும் உன் பக்கம் இருக்கிறேன் என்று நின்றாய்.

"சார், இருபத்தோரு நாளு செடிக்குச் சோறு போடாம நிக்க வெச்சோம். எட எப்படி வரும்? கெமிஸ்ட்டம்மாதான் சொன்னாங்க. பீப்பா மேல சீட்டு ஒட்டிக் கீது, வந்து பாருங்க."

எல்லாரும் நடந்தோம். பீப்பாயில் காய்ந்த பசையும் ஒரு மூலைக் கிழிசலும் மட்டும் இருந்தன. நீ அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்போதுகூட உனக்குப் புரிந்திருக்காது, காற்றில் போயிருக்கும் என்றுதான் நினைத்திருப்பாய்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். "என்னி ரோஜுலு செப்பாரு மீரு?" எத்தனை நாள் சொன்னீர்கள்?

"ஒரு வாரம்தான் சொன்னேன்" என்றேன்.

அது நீ சொன்ன கணக்கு. உன் கணக்கையே எடுத்து உன்மேல் எறிந்தேன்.

நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் கத்தச் சௌகரியமாக இருந்திருக்கும். "ரூத்து" என்று மட்டும் கூப்பிட்டாய், ஏதோ நான் தூக்கத்தில் உளறுகிறேன், எழுப்ப வேண்டும் என்பது போல. நான் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு பள்ளிக்கூடத்தில் பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவள் நான். பொய்ச்சாட்சியைப் பற்றியது வரும்போது எங்கள் போதகர் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம்கூட அப்போது எனக்கு நினைவு வரவில்லை. மறுபடி மறுபடி ஒன்றுதான் ஓடியது: சாயப்பட்டறையில் இருந்து வந்தவள் சரி, படித்தவள் தப்பு என்று இந்த மதிலுக்குள் இத்தனை பேர் முன்னால் ஆகக் கூடாது. வேலை போகுமே என்ற பயம் என்று பிற்பாடு எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். வேலை பெரிதாக இல்லை. அந்தப் பலகைதான் பெரிதாக இருந்தது.

நம் அறையைச் சோதனை போட்டார்கள். உன் டிரங்குப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தார்கள். கல்யாணத்துக்கென்று உன் நைனா நெய்து கொடுத்திருந்த புடவையைப் பிரித்து உதறினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் உனக்கு எதிராகவே போயிற்று, விற்றுவிட்டாள் என்றார்கள். உன்னை ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்காரவைத்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று நீ யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கத் துணியவில்லை. கேஸ் போடாமல் விட்டது முதலாளியின் பெருந்தன்மை என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். போட்டிருந்தால் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன் தம்பி நகரியிலிருந்து சாமான் எடுக்க வந்தார். மீசை அரும்பின வயது. உன் பெட்டியையும் பாயையும் ஜட்கா வண்டியில் ஏற்றினோம். பங்குபோட்டு வாங்கிய மண்ணெண்ணெய் ஸ்டவ்வை, அது உனக்கே இருக்கட்டும் என்று அவர் கையில் கொடுத்தேன். "அக்காவ கூடப்பொறந்தவ மாதிரி பாத்துக்கினீங்க. ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

புத்தூர்க்காரர்கள் அந்த மாதமே ஆள் விட்டுச் சொல்லியனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷன் படி ஏறின பெண் வேண்டாம் என்று. சாத்துக்குடி கொடுத்த அந்தப் பையன் என்ன நினைத்தாரோ தெரியாது.

நான் இன்னும் ஒரு போகம் அங்கே இருந்தேன். யாருக்கும் சொல்லாமல், பாதித் தொட்டிகளுக்கு அறுப்பு நாள்வரை உப்புத்தண்ணீர் விட்டேன். மீதிப் பாதிக்கு நீ சொன்னபடி கடைசி ஒரு வாரம் மட்டும் வெறும் தண்ணீர். இரண்டையும் நிழலில், கயிற்றில் தலைகீழாகக் கட்டி, இரண்டு வாரம் மெதுவாகக் காயவைக்கச் செய்தேன். தணலில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைச் சாம்பல். லேகியமாக்கி, எது எது என்று சொல்லாமல் அந்த வேலூர் வைத்தியருக்கே அனுப்பினேன். இரண்டும் நன்றாக இருக்கிறது, வித்தியாசம் தெரியவில்லை என்று பதில் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் பாராட்டினார். கழுவவே தேவை இருக்கவில்லை. மூன்று வாரமும் தேவையில்லை, ஒரு வாரமும் தேவையில்லை. நீ சொன்னது போல, யாராவது அந்தத் தகரக் கூரையைப் பற்றிக் கேட்டிருந்தால் போதும். உன் வாழ்க்கை போனது ஒன்றுமே இல்லாத ஒரு காரியத்துக்காக. வித்தியாசம் தெரியவில்லை என்ற அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகைகூட வரவில்லை. அந்தக் கோடையில் வேலையை விட்டுவிட்டு, சித்தூருக்கு வந்து டீச்சரானேன்.

உன்னைப் பார்க்க நகரிக்கு வந்தது எத்தனையோ வருடம் கழித்து. புதுச் சட்டம் வந்து தோட்டத்தை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு. முதலாளியும் இறந்துவிட்டிருந்தார். எனக்கு இனி ஆபத்து இல்லை என்று ஆன பிறகுதான் வந்தேன். நீ அதைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாய்.

வீட்டுக்குள் இரண்டு பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் நீ, ஒன்றில் உன் தம்பி. மெலிந்திருந்தாய். முன்நெற்றியில் நரை. என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"இன்னா வேணும்?"

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

"அது எனக்குத் தெரியாதா? அத சொல்லவா பஸ் ஏறி வந்த? மொதலாளி எங்க?"

"போயிட்டாரு."

"அந்த இன்ஸ்பெக்டரு?"

"மாத்திட்டாங்க. எங்கே இருக்காருன்னு தெரியல."

"அப்ப யார்கிட்ட சொல்லப் போற? என்கிட்டயா? நான்தான் அங்க இருந்தேனே."

நீ தறியை நிறுத்தினாய். எழுந்து போய்த் தம்பியின் தறியையும் நிறுத்தினாய். அந்த வீட்டில் சட்டென்று அப்படி ஓர் அமைதி வந்தது. தெருவில் யாரோ குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. "இவன்கிட்ட சொல்லு" என்றாய்.

சொன்னேன். சீட்டு எழுதினதை, ஒட்டினதை, கிழித்ததை, ஒரு வாரம் என்று சொன்னதை. உன் தம்பி கையில் இருந்த நூலை விடாமல் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தார்.

"அக்கா அப்பவே சொன்னாங்க. நைனாவும் நம்பல, நானும் நம்பல. படிச்சவங்க எதுக்குப் பொய் சொல்லப் போறாங்கன்னு நைனா கேட்டாரு. சாவற வரைக்கும் இவங்க கையால சோறு வாங்கித் துன்னல." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் உங்களுக்கு தேங்க்ஸ் சொன்னேன்."

இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் நம்பவில்லை, கம்பெனி நம்பவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். உன் வீட்டுக்குள்ளேயே, உன் தட்டு வரைக்கும் என் பொய் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். நீ அதையும் பார்த்துவிட்டாய்.

"அத சொல்லாத. சொன்னா உனக்கு நல்லா இருக்கும். எனக்கு இன்னா? ஒரு ஆளுகிட்ட சொல்லிட்ட. இந்தத் தெருவுல நாப்பது வூடு கீது. திருட்டுக் கேசுன்னு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் என்ன ஒதுக்கி வெச்ச வூடு. போயி சொல்லுவியா?"

நாற்பது வீட்டு வாசலில் நின்று, சித்தூரில் டீச்சராக இருக்கிறவள், இதைச் சொல்வதா? என் முகத்தில் அது ஓடியிருக்க வேண்டும்.

"பாத்தியா" என்றாய். "இன்னொரு வாட்டி வராத ரூத்து. எங்கிட்ட பேசவும் பேசாத." தறியைப் போட்டாய். சத்தம் எழுந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. நான் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். வருத்தப்பட்டேனா? பட்டேன். அதற்கு அடியில், அப்பாடா முடிந்தது என்று ஒரு நிம்மதியும் இருந்தது. இனி வராதே என்று நீயே சொல்லிவிட்டாய் அல்லவா? அந்த நிம்மதிக்காக என்னை நான் ஒரு நாளும் மன்னிக்கப் போவதில்லை.

நீ போனதை உன் தம்பி ஒரு கார்டில் எழுதினார். வயிற்றில் கட்டி, சென்னைக்குக் கொண்டுபோயும் பயனில்லை, பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது என்று மூன்று வரி. கடைசியில் ஒன்று: "அக்கா உங்களுக்குச் சொல்லச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்."

நான் சுமக்கிறது அந்த வரியைத்தான். கடைசி நாட்களில் யார் யாருக்கோ சொல்லியனுப்பியிருப்பாய். எனக்கு இல்லை. அது சரிதான். அதை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. இனி எதுவும் உன்னிடம் வந்து சேராது என்று தெரியும். ஆனால் உன் தெருவில் நாற்பது வீடுகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை நகரிக்குப் போகிறேன். வா என்று நீ சொல்லவில்லை, வராதே என்றுதான் சொன்னாய். இந்தச் சொல்லையும் மீறுகிறேன். உன் தம்பி கூட வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லப் போகிறேன். சிலர் கதவைச் சாத்துவார்கள். சிலருக்கு உன்னை நினைவுகூட இருக்காது. இந்தத் தாளையும் உன் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். என் முழுப் பெயர், நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தின் பெயர் எல்லாவற்றையும் கீழே எழுதி. சித்தூரில் யார் படித்தாலும் படிக்கட்டும்.

நீ ஒரு இலைகூடத் திருடவில்லை. மூன்று வாரம் என்று சொன்னவள் நான்.